நீலக் கார் நாலு விரல் உயர்ந்த கதை

ஊஞ்சக்காட்டுவலசில் முட்டாள்கள் ஒருவர்கூட இல்லை. இது என் கருத்து அல்ல. அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நன்றாக உற்றுப் பார்த்து, யோசித்து எடுத்த முடிவு.

அந்த நாலு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாச்சிமுத்து, வயதில் மூத்தவர், யோசனை சொல்ல. ராயப்பன், வண்டி ஓட்ட. அவிநாசி, உட்கார, அவன் ஒருவன் உட்கார்ந்தால் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி. நாலாவது ஆள் சென்னியப்பன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதுவே அவனுக்கு முழுநேர வேலை.

நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய நீலக் கார் வாங்கியிருந்தார்கள். கூட்டு வியாபாரத்தில் பின்னால் சண்டை வரக்கூடாது என்று ஆளுக்கு ஒரு சக்கரம் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் சக்கரத்தை அவரவர் கழுவுவார், அவரவர் சக்கரத்துக்கு அவரவர் காற்றடிப்பார். நடுவில் இருக்கிற கார் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் சக்கரம் நாலும் பளபளவென்று இருக்கும், கார் மட்டும் புழுதியில் இருக்கும்.

சென்னியப்பன் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பஜ்ஜி நன்றாக இருந்தது. பதில் மட்டும் வரவில்லை. முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகு ஒரு வழியாகக் கரட்டுப்பாளையம் பொன்னுரங்கம் தன் இரண்டாவது மகள் கோகிலவாணியைத் தர ஒத்துக்கொண்டார். அவர் சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். பெண்ணுக்கும் சென்னியப்பனைப் பிடித்திருந்தது. சென்னியப்பனுக்கோ பெண்ணைப் பிடித்ததில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பொன்னுரங்கம் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய மூத்த மாப்பிள்ளை நடந்து வந்து தாலி கட்டியவர். கொஞ்ச நாள் கழித்து ஒரு மழைநாளில் மாமனாரின் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே எங்கேயோ போனார். ஆளும் திரும்பவில்லை, குடையும் திரும்பவில்லை. நடந்து வருகிறவன் நடந்து போவான் என்று பொன்னுரங்கம் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

"மாப்பிள்ளை சொந்தக் கார்ல வரோணும். எம்மட மண்டபத்துப் படியிலதான் எறங்கோணும். நடுவுல மண்ணுல கால் வெச்சாருன்னா பொண்ணு இல்லீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கார்தான் இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த மண்டபத்து கேட்டில் ஒரு வேகத்தடை இருந்தது. முன்பு ஒரு வேன் வேகமாக வந்து மொய் எழுதுகிற மேசையில் மோதியதால், பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று கட்டவைத்த தடை அது. கன்றுக்குட்டி படுத்திருக்கிற உயரம் இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒத்திகை பார்க்கலாம் என்று நாலு பேரும் காரில் போனார்கள். வேகத்தடையில் ஏறியதும் காரின் அடிவயிறு சர்ரென்று உரசியது. பின்னால் வந்து மறுபடி ஏறினார்கள். மறுபடி உரசியது.

எங்கே இடிக்கிறது என்று ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார் நாச்சிமுத்து. ராயப்பன் இறங்கினால் ஓட்ட ஆள் இல்லை. சென்னியப்பன் மண்ணில் கால் வைக்கக்கூடாது. ஒத்திகை என்றாலும் நிபந்தனை நிபந்தனைதானே. ஆகவே அவிநாசி இறங்கி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்தான். கார் வேகத்தடையைத் தாண்டிப் பூப்போல அந்தப் பக்கம் போய்விட்டது.

"எங்கீமே இடிக்கலீங்ணா" என்றான் அவிநாசி, ஏறிக்கொண்டே.

சரி என்று திரும்பினார்கள். சர்ர். அவிநாசி இறங்கிப் பார்த்தான். இடிக்கவில்லை. ஏறினான். சர்ர். இப்படியே மண்டபத்துக் காவல்காரர் டீ குடிக்கப் போய்த் திரும்பி வரும்வரை நடந்தது. கடைசியில் காரை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்து பேசினார்கள்.

"வண்டியில கோளாறு இல்லீங்ணா" என்றான் ராயப்பன். "ஆள் நின்னு பாத்தா ஒழுங்காப் போகுது. பாக்கலீன்னா ஒரசுது."

"அப்புடிச் சட்டுனு முடிவு பண்ணிப்போடக் கூடாது" என்றார் நாச்சிமுத்து. "நான் எறங்கிப் பாக்கறேன்."

நாச்சிமுத்து ஒல்லி. காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறவர். அவர் இறங்கி, அவிநாசி உள்ளே உட்கார்ந்திருக்க, கார் முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகவே உரசியது. நாச்சிமுத்து நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"எல்லாப் பார்வையும் ஒரே பார்வை இல்லீப்பா" என்றார். "அவிநாசி கண்ணுல என்னமோ சக்தி இருக்குது. அவன் பாத்தா வண்டி மேல எந்திரிக்குது."

அவிநாசிக்கு மெய் சிலிர்த்தது. அன்றிலிருந்து அவன் கைக்குழந்தைகளை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டான். பார்த்து, மேலே போய்விட்டால் யார் பிடிப்பது?

அப்படியானால் கல்யாணத்தன்று அவிநாசியைக் கேட்டில் நிறுத்திவிடலாம் என்றால், அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவன். அவிநாசி இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்றான் சென்னியப்பன். தாலி கட்டாமல் இருக்கவும் மாட்டேன் என்று அடுத்த மூச்சில் சொல்லி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். வேறு வழியில்லாமல் காரை மெக்கானிக் ஹனீபாவிடம் கொண்டுபோனார்கள்.

ஹனீபா குனிந்து அடியில் பார்த்துவிட்டு எழுந்தார். ஸ்பிரிங் நாலும் தளர்ந்து தொய்ந்துவிட்டது என்றார். அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற ரப்பரும் நசுங்கி அப்பளமாகிவிட்டதாம். கம்பெனி ஸ்பிரிங் இந்தக் காருக்கு இப்போது வருவதில்லை. வெளி மார்க்கெட்டில் தடித்த கம்பியில் ஒன்று வருகிறது, அது கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும், ரப்பரும் புதிதாகப் போட்டால் இன்னும் தூக்கும் என்று பொறுமையாக விளக்கினார். டயருக்கும் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் இப்போது ஒரு விரல்தான் போகிறது, மாற்றினால் நாலு விரல் போக வேண்டும் என்றார்.

அவிநாசியின் கண்ணைப் பற்றியும் அவரிடம் சொன்னார்கள். ஹனீபா அவிநாசியைக் கால் முதல் தலை வரை பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுக்கப் போய்விட்டார்.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புது ஸ்பிரிங் மொதல்ல ஓவராத்தான் நிக்கும். லோடு ஏத்தி நாலு நாள் ஓட்டுங்க. அதுபாட்டுக்குக் கொஞ்சம் எறங்கி ஒரு எடத்துல நின்னுக்கும். எறங்கி முடிஞ்சப்பறம் அளந்து பாருங்க. ரப்பர் மேல ரப்பர் மட்டும் வெச்சுப்போடாதீங்க."

நாலு பேரும் நாலு தடவை தலையாட்டினார்கள்.

கார் கம்பீரமாக நின்றது. ஆனால் ஊருக்கு வந்ததும் ராயப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏற்றுவதற்காகத்தானே ஸ்பிரிங் போட்டோம், அதை ஏன் மறுபடி இறக்க வேண்டும்? இறங்கிவிட்டால் பழையபடி உரசாதா? அதே சமயம் மெக்கானிக் பேச்சை மீறவும் கூடாது. நாச்சிமுத்து இரண்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். லோடு ஏற்றி ஓட்ட வேண்டும், ஆனால் இறங்கக்கூடாது, அவ்வளவுதானே.

சென்னியப்பன் வீட்டுக் களத்துக்கு வாங்கிப்போட்டிருந்த சிமெண்டு மூட்டைகளை டிக்கியில் ஏற்றினார்கள். அதற்கு முன்பே காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் நாலு பக்கமும் கருங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, கல் மேல் நின்ற இடத்திலேயே ஓட்டத் தொடங்கினார்கள்.

முதல் நாள் பழனிக்குப் போய்த் திரும்பினார்கள். ராயப்பன் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு கவனமாக ஓட்டினான். மறுநாள் கொடைக்கானல். வளைவு வளைவாக ஸ்டீயரிங்கை ஒடித்ததில் சென்னியப்பனுக்கு வாந்தி வந்துவிட்டது. மேலே குளிரும் என்று அவிநாசி துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டான். நாலாம் நாள் இறங்கிப் பார்த்தபோது கார் ஒரு நூல்கூட இறங்கவில்லை, நாலு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

"எறங்கி முடிஞ்சப்பறம் அளக்கச் சொன்னாரு" என்றான் ராயப்பன்.

"எறங்கவே இல்லீன்னா எறங்கி முடிஞ்ச மாதிரிதான்" என்றார் நாச்சிமுத்து.

கல்லை எடுத்துவிட்டு அவரவர் சக்கரத்தை அவரவர் விரலால் அளந்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் நாலு விரல் தாராளமாகப் போனது. பின்னால் இடது சக்கரம் அவிநாசிக்குச் சொந்தம். அவன் விரல் ஒவ்வொன்றும் பூவன் பழம். இரண்டு விரல்தான் போனது. தன் சக்கரத்துக்கு மட்டும் ஹனீபா குறைத்துவிட்டார் என்று அவன் முகம் தொங்கிப்போனது. வேறு விரலை வைத்து அளக்கலாம் என்று ராயப்பன் சொன்னதற்கு, "எஞ்சக்கரத்துல உங்க வெரல் எதுக்குங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

இன்னொரு ரப்பர் வைக்கலாம் என்றால் ரப்பர் மேல் ரப்பர் வைக்கக்கூடாது. இதற்காகக் கூடிய கூட்டம் மத்தியானச் சாப்பாடு வரை நீண்டது. கடைசியில் நாச்சிமுத்து தன் காலைப் பார்த்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

"இது ரப்பரா, செருப்பா?" என்று கேட்டார்.

"செருப்புங்ணா" என்றார்கள் எல்லோரும்.

"செருப்பு மேல செருப்பு வெக்காதீங்கன்னு ஹனீபா பாய் சொன்னாரா?"

சொல்லவில்லை. வட்டமாக வெட்டி, அவிநாசி சக்கரத்து ஸ்பிரிங்கின் தலையில் செருகினார்கள். அவிநாசிக்கு நாலு விரல் போயிற்று. ஆனால் இப்போது அந்த மூலை மட்டும் உயர்ந்து, தங்கள் மூலை தாழ்ந்துவிட்டதாக மற்றவர்களுக்குப் பட்டது. ராயப்பன் தன் செருப்பைக் கழற்றினான். சென்னியப்பன் கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பையே எடுத்து வந்தான். சாயங்காலத்துக்குள் நாலு பேர் காலிலும் செருப்பு இல்லை. கார் பாய நிற்கிற செம்மறிக் கடா மாதிரி நின்றது. ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

கல்யாண நாள் வந்தது. சென்னியப்பனின் அம்மாவும் உறவுக்காரர்களும் முதல் பஸ்ஸிலேயே போய் மண்டபத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டுவேட்டி கட்டிய சென்னியப்பனை ஸ்டூல் போட்டு ஏற்றினார்கள். பக்கத்தில் அவிநாசி. முன்னால் நாச்சிமுத்து, மடியில் வாழைத்தாரோடு. காலடியில் அண்டா, குடம், அரிசிமூட்டை என்று சீர் சாமான்கள். டிக்கியில் சிமெண்டு அப்படியே இருந்தது. ஹனீபா ஏற்றச் சொன்னார்; இறக்கச் சொல்லவில்லை.

கரட்டுப்பாளையம் கேட்டில் கார் வேகத்தடை மேல் ஏறியது. முன்சக்கரம் தாண்டியது. அதோடு சரி. அடிவயிறு தடை மேல் உட்கார்ந்துகொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ராயப்பன் மிதித்த மிதியில் புகைதான் வந்தது.

மண்டபத்துப் படி கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அதில் பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் வெளியே வந்து, முகூர்த்தம் போகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுபடி வந்து மறுபடி சொன்னார். சென்னியப்பன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டினான். மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டான். சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தவன், பாவம், ஒரு கன்றுக்குட்டி உயரத்தில் மாட்டிக்கொண்டான்.

"அவிநாசி, எறங்கிப் பாரு" என்றார் நாச்சிமுத்து.

அவிநாசி இறங்கி, கண்ணை அகல விரித்துப் பார்த்தான். கார் லேசாக மேலே எழுந்தது. ஆனால் தடையை விடவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ராத்திரி பூரா தூக்கமில்லீங்ணா. கண்ணுல வலு இல்ல" என்று தழுதழுத்தான்.

நாச்சிமுத்து வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். கார் உயராவிட்டால் தடை தாழ வேண்டும் என்று அவர் சொன்னது, என் கணக்கில், அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான பேச்சு. பந்தல்காரர்களிடம் கடப்பாரை இருந்தது. மூன்று பேரும் வெறுங்காலோடு இடித்தார்கள். சென்னியப்பன் உள்ளே உட்கார்ந்தபடியே, வலது பக்கம், இடது பக்கம் என்று கை காட்டினான். பொன்னுரங்கம் பார்த்துப் பார்த்துக் கட்டிய தடை துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது, கார் தரையில் இறங்கியது. இனி நேராக ஓட்டிப் போனால் படி.

ஆனால் நாச்சிமுத்து மானஸ்தர்.

"ஊரான் சொத்து. தெருவுல போட்டுப்போட்டுப் போனா நல்லாவா இருக்கும்? மாமனாரு கையில பத்திரமா ஒப்படைக்கோணும்" என்றார்.

மற்றவர்களும் அப்படித்தான் வளர்க்கப்பட்டவர்கள். உடைந்த கல்லையும் காரையையும் ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, டிக்கியில் சிமெண்டு மேல் அடுக்கினார்கள். மிச்சத்தை அவிநாசி மடியில் வைத்துக்கொண்டான். வேகத்தடை முழுவதும் காருக்குள் வந்துவிட்டது. அப்போது கார் தரையோடு தரையாக உட்கார்ந்தது.

அங்கிருந்து மண்டபத்துப் படிவரை சமதரைதான். அந்தச் சமதரை முழுவதும் காரின் அடிவயிறு உரசிக்கொண்டே போனது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். ஏர் ஓட்டியது போல ஒரு கோடு கேட்டிலிருந்து படிவரை விழுந்தது. காலையில் ஸ்டூல் போட்டு ஏறிய சென்னியப்பன், காரிலிருந்து படிக்கு ஏறிப் போனான். மண்ணில் கால் படவில்லை.

பொன்னுரங்கம் கேட்டைப் பார்த்தார். தடை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

"வேகத்தடை எங்க மாப்ள?"

"டிக்கியில பத்திரமா இருக்குதுங்க மாமா. ஒரு பொடிகூடச் சிந்தல."

சென்னியப்பனின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பொன்னுரங்கத்தின் மீசை இரண்டு தடவை ஆடியது. கல்யாணம் அந்த மீசையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மாலையும் கழுத்துமாகக் கோகிலவாணி வெளியே வந்தாள். டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாலு பேரின் வெறுங்காலையும் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, நம்மட பொருளை எடுத்தவங்க, உடனே திருப்பிக் கொண்டாந்து நிக்கறாங்க" என்றாள். "பெரிய மச்சான் நம்ம கொடையைத் திருப்பிக் குடுத்தாருங்களா? படி ஏறுமுன்ன செருப்பைக்கூடக் கழட்டிப்போட்டுத்தான் வந்திருக்காங்க. இவருக்கே கட்டி வெய்ங்க."

பொன்னுரங்கம் யோசித்தார். குடையை நினைத்தார். கண் கலங்கிவிட்டது. முகூர்த்தத்தின் கடைசி நிமிஷத்தில் சென்னியப்பன் தாலி கட்டினான். அவிநாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பார்த்து, மாப்பிள்ளை மணவறையை விட்டு எழும்பிவிட்டால் என்ன செய்வது?

விருந்து முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்குப் புறப்பட வேண்டிய நேரம். புறப்படுவதற்கு முன்னால் தடையைப் பழையபடி இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் பொன்னுரங்கம். சிமெண்டும் கையில் இருந்ததால் உடனே செய்துவிடலாம் என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு நாச்சிமுத்து கை காட்டி நிறுத்தினார்.

"கார் உள்ள இருக்கறப்போ தடையை வெச்சா, கார் வெளிய போவாது" என்றார். "கார் மொதல்ல வெளிய போனா, டிக்கியோட தடையும் வெளிய போயிரும். மாமா சொத்து கேட்டைத் தாண்டக் கூடாது."

எந்தப் பக்கம் திருப்பினாலும் உதைத்தது. பொன்னுரங்கமும் வந்து உட்கார்ந்து யோசித்தார். அவருக்கும் வழி தெரியவில்லை. நடந்து போகலாம் என்றால் செருப்பெல்லாம் ஸ்பிரிங்குக்கு மேல். சரி, இன்றைக்கு இங்கேயே தங்கி, நாளைக்கு யோசிக்கலாம் என்று முடிவாயிற்று.

இது நடந்து வருஷம் ஒன்றாகிறது. சென்னியப்பனும் கோகிலவாணியும் மணமகன் அறையில் குடித்தனம் நடத்துகிறார்கள். மற்ற மூன்று பேரும் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி இருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்காமல் முதல் பந்தியில் உட்காருவார்கள். பொன்னுரங்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாப்பிள்ளை எங்கேயும் நடந்து போகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். புதிதாக ஒரு குடைகூட வாங்கிவிட்டார்.

போன வைகாசியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஹனீபா அந்த மண்டபத்துக்கு வந்தார். படிக்கு எதிரில் தான் ஸ்பிரிங் மாற்றிய நீலக் கார் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கிடப்பதைப் பார்த்து, தட்டில் இருந்த வெற்றிலை பாக்கைக் கீழே போட்டுவிட்டார். காருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவிநாசி உட்கார்ந்து, கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, வண்டிய இப்புடி வெச்சிருக்கறீங்க?" என்றார் ஹனீபா.

நாச்சிமுத்து ஓடிவந்து அவரை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க சொன்னபடிதான் பாய். லோடு ஏத்தி வெச்சிருக்கறோம், நல்லா எறங்கீட்டு வருது" என்றார். "எறங்கி முடியட்டும், ஆளுக்கொரு வெரல் வெச்சு அளந்து சொல்றோம்."